ஜாம் ரூமில் வரும் சிரிப்பு மேடையில் ஏன் வரவில்லை: பெங்களூர்த் தமிழ் பங்க் குழுவுக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் வளர்ந்த நான்கு பேர் தமிழில் நகைச்சுவை பங்க் ராக் (வேகமும் இரைச்சலுமான ராக் இசை) குழு நடத்துகிறார்கள். வீட்டு ஓனர், தண்ணி டேங்கர், நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னல் என்று எட்டுப் பாட்டு கையில் இருக்கிறது. ஜாம் ரூமுக்கு (ஒத்திகை அறை) வரும் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பப்பில் வாசித்தால் கூட்டம் தலையாட்டுகிறது, கைதட்டுகிறது, ஒருவரும் சிரிப்பதில்லை. வரிகளை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அந்த வரிகள் இன்னும் யார் காதிலும் விழவில்லை என்பதுதான் பிரச்சினை. நண்பர்களுக்கு வரி முன்னமே தெரியும், அதனால் பாதி கேட்டாலே சிரிப்பு வந்துவிடும். பப்பில் நிற்பவர் முதல் தடவை கேட்கிறார், ஒரே தடவைதான் கேட்கப்போகிறார். சோகப் பாட்டில் நாலு சொல் போனாலும் சோகம் மிஞ்சும். நகைச்சுவையில் ஒரு சொல் போனால் எல்லாம் போயிற்று. ஆகவே சிரிக்கவைக்கும் பங்க் குழு, கோபமாகப் பாடும் பங்க் குழுவைவிடக் கச்சிதமாக வாசித்தாக வேண்டும். இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் 1979-ல் தொடங்கிய டாய் டால்ஸ் குழு, யானையைப் பற்றிய ஒரு குழந்தைப் பாட்டை பங்க் ஆக்கி 1984-ல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் நாலாம் இடம் வரை கொண்டுபோனது. அவர்கள் கோமாளி வேடம் போட்டாலும் கிட்டார் வாசிப்பில் ஒரு பிசிறு இருக்காது. நீங்கள் பின்பற்ற வேண்டியது அதைத்தான்.

முதலில் வேகத்தையும் எழுத்தையும் பார்ப்போம், முக்கால்வாசித் தவறு அங்கேதான். உங்கள் பாட்டு 180 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 180 பீட், என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீட்டுக்கு இரண்டு தட்டு, நாலு பீட் கொண்ட ஒரு பாருக்கு எட்டுத் தட்டு. ஒரு பார் ஓடும் நேரம் 1.33 நொடி. ஒரு தட்டு 0.17 நொடி. ஒரு தட்டில் ஒரு எழுத்துக்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆக ஒரு பாரில் எட்டு எழுத்துதான் உச்சவரம்பு, அதுவும் எல்லாம் குறிலாக இருந்தால்.

எண்ணும் வழி நம் யாப்பிலேயே இருக்கிறது: ஒற்று நீக்கி எண்ணுங்கள். கட்டளைக் கலித்துறை பாடிய புலவர்கள் அடிக்குப் பதினாறு, பதினேழு எழுத்து என்று இப்படித்தான் எண்ணிக் கட்டினார்கள். பங்குக்கு ஒரு விதி கூடுதல். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு. நெடிலை ஒரே தட்டில் அடைத்தால் அது குறிலாகச் சுருங்கி வேறு சொல்லாகிவிடும். ‘பாட்டு’ என்று பாடியது ‘பட்டு’ என்று கேட்கும். ஆங்கிலப் பாட்டில் உயிரைச் சுருக்கினாலும் பொருள் பெரும்பாலும் தப்பித்துவிடும், தமிழில் தப்பாது.

மாதிரிக்கு ஒரு வரி: ‘பத்து மாச அட்வான்ஸு’. பத் ஒன்று, து ஒன்று, மா இரண்டு, ச ஒன்று, அட் ஒன்று, வான் இரண்டு. எட்டுத் தட்டு நிரம்பியது. கடைசி ‘ஸு’ அடுத்த பாரின் முதல் தட்டில் விழுகிறது. அதற்குப் பின் ஏழு தட்டு காலி. அந்த இடத்தில் மற்ற மூவரும் ‘ஐயோ!’ என்று கத்தலாம், பாடகர் மூச்சு வாங்கலாம். அடுத்த வரி ‘பாத்ரூம்ல தண்ணியில்ல’. பாத் இரண்டு, ரூம் இரண்டு, ல, தண், ணி, யில் ஒவ்வொன்று, கடைசி ‘ல’ மறுபடியும் அடுத்த பாரின் தலையில். மோனையும் ப–பா என்று பொருந்தி நிற்கிறது. மோனை வெறும் அலங்காரமில்லை. கேட்பவர் காது அடுத்த வரியின் முதல் சொல்லை எதிர்பார்க்கத் தொடங்குகிறது, அதனால் இரைச்சலிலும் பிடித்துக்கொள்கிறது.

கெட்டுப்போகும் வரி எப்படி இருக்கும்? ‘எலெக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர்ல ஏறுறதுக்குள்ள என் சம்பளம் தீர்ந்துபோச்சு.’ ஒற்று நீக்கி 24 எழுத்து. இரண்டு பாரில் திணித்தால் வாய் குழறும், நெடிலுக்கு இரண்டு தட்டு கொடுத்தால் மூன்று பாரும் போதாது. ‘ஃப்ளைஓவர் ஏறுமுன்னே’ என்று ஒரு வரி, ‘சம்பளமே தீந்துபோச்சு’ என்று ஒரு வரி. எழுத்து ஏழும் எட்டும். நெடிலுக்கு இரண்டு தட்டு கொடுத்தாலும் ஒவ்வொரு வரியும் இரண்டு பாருக்குள் அடங்கி, மூச்சுக்கும் இடம் விடும். எலெக்ட்ரானிக் சிட்டியைப் பாட்டுக்கு முன்னால் பேசும் ஒரு வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து, வெடிக்க வேண்டிய சொல் வரியின் கடைசியில் நிற்க வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால் சிரிப்புக்குரிய பெயர்ச்சொல் நடுவில் புதைந்துபோகிறது. ‘ஓனரு நாய்க்குத் தனி ரூம் குடுத்தாரு’ என்றால் ‘நாய்க்கு’ வந்தபின் இன்னும் மூன்று சொல் ஓடுகிறது, சிரிப்பு ஆறிவிடும். பேச்சுத்தமிழில் நாம் இயல்பாகவே திருப்பிப் போடுவோம்: ‘ஓனரு தனி ரூம் குடுத்தாரு… நாய்க்கு!’ அந்தத் திருப்பத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். திருக்குறளின் வடிவமும் இதே வேலையைச் செய்கிறது. முதல் அடிக்கு நாலு சீர், இரண்டாம் அடிக்கு மூன்றே சீர். எதிர்பார்த்த நாலாவது சீர் வராத வெறுமையில் கருத்து நெஞ்சில் இறங்குகிறது. பங்க் பாட்டிலும் இரண்டாம் வரி முதல் வரியைவிடக் குட்டையாக இருந்தால் நன்றாக வேலை செய்யும்.

கூட்டமாகக் கத்தும் பல்லவிச் சொற்கள் ஆ, ஏ, ஓ என்ற ஒலிகளில் முடியட்டும். வாயைத் திறந்து கத்தக்கூடிய ஒலிகள் அவை. ‘அட்வான்ஸு’, ‘டிராஃபிக்கு’ போலக் குற்றியலுகரத்தில் முடியும் சொல்லை நீட்டிக் கத்த முடியாது, தொண்டையில் அடங்கிவிடும். ‘போடா’, ‘ஐயோ’, ‘கொத்தில்லா’ (கன்னடத்தில் ‘தெரியாது’) எல்லாம் அருமையான பல்லவிச் சொற்கள். பெங்களூரில் இந்தக் கடைசிச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தும் ‘கன்னட கொத்தில்லா’ என்ற ஒரே வாக்கியத்தோடு காலம் தள்ளும் ஆளைப் பற்றிப் பாட்டு எழுதினால், தமிழர் தன்னைப் பார்த்துச் சிரிப்பார், கன்னடர் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துச் சிரிப்பார்.

இன்னொரு புதையலும் இருக்கிறது. தமிழில் சொல்லின் முதலில் வரும் ப, கன்னடத்தில் பெரும்பாலும் ஹ ஆகியிருக்கிறது. பால்–ஹாலு, பல்–ஹல்லு, பாம்பு–ஹாவு, பள்ளி–ஹள்ளி. பாதிக் கூட்டம் ‘பாலு!’ என்றும் மறுபாதி ‘ஹாலு!’ என்றும் கத்தும் பல்லவி ஒன்று கட்டலாம். வாடகை வீட்டில் ‘ஹால்’ எங்கே என்று கேட்டவனுக்கு ஓனர் அம்மா ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து தருவது அதன் கதை. இரு மொழிக்காரரும் சமமாகச் சேர்ந்து கத்தும் நகைச்சுவை இதுபோல வேறு ஊரில் கிடைக்காது.

எதைச் சிரிக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாகத் தாக்குவது செம்பொருள் அங்கதம், மறைத்துத் தாக்குவது பழிகரப்பு அங்கதம். 180 பிபிஎம்மில் மறைபொருளுக்கு நேரமில்லை. பல்லவி செம்பொருளாக இருக்கட்டும், மறைத்துச் சொல்வதைப் பாட்டின் நடுவே இசை அடங்கும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு எப்போதும் ஓனர், டேங்கர், பள்ளம் விழுந்த ரோடு, மீட்டருக்கு ஒன்றரை மடங்கு கேட்கும் ஆட்டோ என்று எல்லோரையும் வருத்தும் பொருளாக இருக்கட்டும். ஒரு மொழியையோ அதைப் பேசுகிறவரின் உச்சரிப்பையோ கிண்டல் செய்ய வேண்டாம். காவிரி இந்த ஊரில் 1991-லும் 2016-லும் தெருவில் தீ வைத்த விஷயம். மேடையில் அது சிரிப்புப் பொருளாகாது. அல்சூர் ஏரிக்கரையில் 1991-ல் நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது, அதே மாதம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். மொழிப் பகையால் பதினெட்டு வருஷம் மூடியே இருந்த ஒரு சிலையின் நினைவு உள்ள தெருக்களில் பாடுகிறீர்கள்.

வாசிப்புக்கு வருவோம். பங்கில் கிட்டாருக்கு பவர் கார்டு போதும்: மூல சுரமும் அதன் பஞ்சமமும். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) ஏற்றியபின் இடையில் காந்தாரத்தைச் சேர்த்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புது அலைவரிசைகள் கிளம்பி ஒலி சேறாகும். பல்லவி இல்லாத இடங்களில் வலது உள்ளங்கையை பிரிட்ஜ் ஓரத்தில் வைத்து அடக்கி வாசியுங்கள், பாடகருக்கு இடம் திறக்கும். எல்லாவற்றையும் கீழ்நோக்கிய அடியாகவே வாசிப்பது 1974-ல் நியூயார்க்கில் தொடங்கிய ரமோன்ஸ் குழு நிலைநிறுத்திய முறை. அவர்களின் 1976 முதல் ஆல்பத்தில் 14 பாட்டு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 180-ல் அது நொடிக்கு ஆறு அடி. மணிக்கட்டு தாங்காவிட்டால் மூன்றாவது பாட்டிலேயே தாளம் பின்னால் இழுக்கும். 120-ல் மெட்ரோநோம் (தாளம் காட்டும் கருவி) வைத்து மூன்று நிமிஷம் விடாமல் அடித்து, வாரத்துக்கு ஐந்து பிபிஎம் ஏற்றுங்கள். முழங்கையிலிருந்து அடித்தால் நிச்சயம் வலிக்கும், அசைவு மணிக்கட்டில் இருக்க வேண்டும். கம்பி 10–46 தடிமன், பிக் (கம்பியை அடிக்கும் சில்லு) 0.88 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். பேஸும் பிக்கால் வாசிக்கட்டும், விரலால் வாசித்தால் இந்த வேகத்தில் தொடக்கம் மழுங்கும்.

டிரம்ஸ்காரர் கையில்தான் பாதி நகைச்சுவை இருக்கிறது. பாடகர் பாடும் இடத்தில் ஹை-ஹேட்டை (மிதியால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பல்) மூடியே வாசிக்க வேண்டும். கிராஷ் சிம்பலைத் தொடர்ந்து தட்டினால் அதன் ‘ஷ்ஷ்’ ஒலி பாடகரின் மைக்குக்குள்ளேயே புகுந்து, வல்லின மெய்களைத் தின்றுவிடும். கிராஷ் பல்லவிக்கு மட்டும். இன்னொன்று, மேடையேறினால் இதயம் வேகமாகத் துடிக்கும், 180-ல் பழகிய பாட்டு தானாக 200-க்குப் போகும். ஒரு தட்டு 0.17 நொடியிலிருந்து 0.15 ஆகும். சின்ன வித்தியாசமாகத் தெரியும், பாடகரின் நாக்குக்கு அது பெரிய வித்தியாசம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் மெட்ரோநோமில் மின்னும் விளக்கைப் பார்த்து எண்ணிக் கொடுக்கட்டும். மனக்கணக்கை நம்பக் கூடாது.

சிரிப்புக்கு இடம் விடும் நிறுத்தங்கள் இந்த இசையின் உயிர். வெடிச்சொல் விழுந்ததும் எல்லோரும் சட்டென்று நிற்க வேண்டும். ஒரு பார் நிறுத்தம் 1.33 நொடிதான், கூட்டம் புரிந்துகொண்டு வாய் திறப்பதற்குள் கிட்டார் வந்துவிடும். இரண்டு பார் விடுங்கள், 2.67 நொடி. அந்த நேரம் டிரம்ஸ்காரர் இடது காலால் ஹை-ஹேட் மிதியில் ஓசையில்லாமல் எண்ணிக்கொண்டிருப்பார். கூட்டம் உண்மையிலேயே சிரித்தால் ஒருவருக்கொருவர் கேட்காது, யாராவது ஒருவர் முந்திக்கொள்வார். ஆகவே திரும்ப நுழைவது கண் ஜாடையில் நடக்கட்டும். டிரம்ஸ்காரர் தூக்கிய குச்சி இறங்கும்போது எல்லோரும் இறங்க வேண்டும். நிறுத்தத்தில் கிட்டார் ‘ஊஊ’ என்று கூவினால் அத்தனையும் வீண். இரு கையாலும் கம்பிகளை அமுக்குங்கள், வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் பெடல் இருந்தால் போடுங்கள்.

டப்பாங்குத்துக்குத் தாவும் இடம் ஒன்று உங்கள் பாட்டுகளில் இருந்தே தீர வேண்டும். அதற்குக் கணக்கு சுலபம். தட்டின் வேகத்தை மாற்றாமல் இரண்டிரண்டாக எண்ணியதை மூன்று மூன்றாக எண்ணுங்கள். 180-ல் நிமிஷத்துக்கு 360 தட்டு, மூன்றால் வகுத்தால் 120. சதுஸ்ரம் திஸ்ரமாகிறது, பங்க் ஆட்டம் அதே நொடியில் ஊர்வலக் குத்தாகிறது. கூட்டம் இந்தத் தாவலுக்கு வரியே இல்லாமல் சிரிக்கும். வேகத்தைக் கண்மதிப்பில் மாற்றினால் முதல் இரண்டு பார் தடுமாறி அந்த அதிர்ச்சி போய்விடும். எட்டுப் பாட்டில் ஒன்றில், மிஞ்சினால் இரண்டில் மட்டும் வையுங்கள்.

ஒலியமைப்பில் தவறுவது எப்போதும் ஒரே இடத்தில். தமிழ் மெய்களின் தெளிவு ஏறக்குறைய 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது, டிஸ்டார்ஷன் கிட்டாரின் கடுமையும் அங்கேதான். கிட்டாரில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே 3–4 டெசிபல் குறையுங்கள். ஆம்ப்பில் கெயினை (கரகரப்பின் அளவை) பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம். வீட்டில் தனியாக வாசிக்கும்போது நிறைவாகக் கேட்கும் கெயின், நான்கு பேரோடு சேர்ந்தால் வெறும் இரைச்சல். பல பப்களில் கிட்டார் ஆம்ப்பே இருக்காது, பெடலை நேராக மிக்ஸரில் சொருகச் சொல்வார்கள். கிட்டார் ஸ்பீக்கர் இயல்பாகவே 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அடக்கிவிடும். நேராகச் சொருகினால் அந்த அடக்கம் இல்லாமல் கொசு மொய்ப்பதுபோல ஒலி பறக்கும். அந்த அடக்கத்தை நகலெடுக்கும் கேபினட் சிமுலேஷன் உள்ள ஒரு பெடல் உங்கள் பையில் இருக்கட்டும்.

பாடகரின் மைக்குக்கு ஷூர் எஸ்எம்58 போன்ற, முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை போதும். பங்க் பாடகர்கள் மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொள்வது வழக்கம். அதை விட்டுவிடுங்கள். பின்பக்க ஒலியை மைக் தள்ளிவிடுவது அந்த வலைத்தலைப்பின் பின்புறத் துளைகளால்தான். அவற்றை மூடினால் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி ஃபீட்பேக் (கீச்சென்ற கூவல்) வரும், குரலும் மூக்கடைத்ததுபோல மாறும். பாடகர் தன் குரலைக் கேட்கும் மானிட்டர் பெட்டி மைக்குக்கு நேர் பின்னால், பாடகரைப் பார்த்தபடி இருக்கட்டும். மிக்ஸரில் குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். சவுண்ட் செக்கில் முதலில் குரலின் அளவைச் சரியாக அமைத்து, அதைச் சுற்றி மற்றதை ஏற்றச் சொல்லுங்கள். கிட்டாரிலிருந்து தொடங்கினால் குரலுக்கு இடம் மிஞ்சாது.

உதடு மைக்கில் பட்டதும் சுரீரென்று ஷாக் அடித்தால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் கிட்டார் ஆம்ப்பும் ஒலிபெருக்கி அமைப்பும் வெவ்வேறு இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன, ஒன்றில் எர்த் சரியில்லை என்று பொருள். இரண்டையும் எர்த் உள்ள ஒரே போர்டில் சொருகுங்கள். ஹம் ஒலியைப் போக்க எர்த் பின்னை ஒடிப்பது உயிரோடு விளையாடுவது. கேபிளைக் கடையில் ஆயத்தமாக வாங்குவதைவிட மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடில் நல்ல ஜாக்கும் கவசக் கம்பியும் வாங்கி நீங்களே பற்றவைத்தால் நீடிக்கும். பெரும்பாலும் அறுவது ஜாக்கின் கழுத்தில், கவசக் கம்பி வளையும் இடத்தில். நாலு கேபிள், ஒரு செட் கம்பி, இரண்டு 9 வோல்ட் பேட்டரி எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.

இடம் பிடிப்பதில் கேட்க வேண்டியது ஒன்று: அந்த பப்புக்கு நேரடி இசைக்கான உரிமம் இருக்கிறதா? பெங்களூர் போலீஸின் 2005-ஆம் ஆண்டுப் பொதுப் பொழுதுபோக்கு இட உரிம ஆணையை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன்பின் பல இடங்கள் நேரடி இசையையே நிறுத்தின. திறந்தவெளியானால் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55 டெசிபல். டிரம்ஸ் மட்டுமே அதைத் தாண்டும். மாடியில் வாசிக்கும் எண்ணத்தை மறந்துவிடுங்கள்.

சினிமா மெட்டில் வரி மாற்றிப் பாடலாமா என்ற ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பகடிக்கென்று தனி விலக்கு கிடையாது. சொந்த மெட்டே நல்லது. குத்துத் தாளம் யாருடைய சொத்துமில்லை, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேர இடம் கொடுத்தால் எட்டுப் பாட்டு, ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம். பேச்சு மொத்தம் ஆறு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. பாட்டின் நகைச்சுவையை முன்கூட்டியே விளக்கிவிடாதீர்கள், பாட்டு நடக்கும் இடத்தை மட்டும் சொல்லுங்கள்: ‘முருகேஷ்பாளையாவில் ஒரு வீடு, மூணாவது மாடி.’ அவ்வளவு போதும். கூட்டத்தின் மனம் அந்த மாடிப்படியில் ஏறி நிற்கும்போது எண்ணிக்கை தொடங்கட்டும்.

அடுத்த நிகழ்ச்சிக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் பாட்டைக் கேட்டிராத, தமிழ் தெரிந்த ஒருவரை ஜாம் ரூமின் கடைசி மூலையில் நிறுத்துங்கள். மேடையில் வைக்கும் அதே ஒலி அளவில் ஒரு பாட்டை ஒரே தடவை வாசியுங்கள். பத்து வெடிச்சொற்களைக் குறித்து வைத்திருந்தால், அவர் கேட்டதாக எழுதியவற்றை அதோடு ஒப்பிடுங்கள். எட்டுக்குக் குறைந்தால் பத்து பிபிஎம் இறக்கி, கிட்டாரைக் கொஞ்சம் குறைத்து, அதே பாட்டை வேறொரு புது ஆளிடம் வாசியுங்கள்.